துணைக்கு இரண்டு பேர்

அந்த ஆய்வகத்தில் அவளை எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பதவியின் முழுப் பெயர் முனைவர் பட்டத்திற்குப் பிந்தைய ஆய்வாளர். அதைச் சொல்லி முடிப்பதற்குள் ஒப்பந்தம் காலாவதியாகிவிடும் என்பதால் யாரும் சொல்வதில்லை. போஸ்ட்டாக் என்பார்கள். வருடத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்க வேண்டிய பதவி. அவளுக்குப் பிறகு வந்து சேர்ந்த பிள்ளைகள் பட்டம் வாங்கி, கல்யாணம் செய்து, முன்வழுக்கையும் விழுந்து வெளியே போய்விட்டார்கள். அவள் மட்டும் அதே ஜன்னலோர மேஜையில் இருந்தாள். ஒரு தடவை பேராசிரியரே வாய் தவறி, "அக்கா, அந்தக் கோப்பு எங்க?" என்று கேட்டுவிட்டார். அவருக்கு அறுபது நெருங்கிக்கொண்டிருந்தது. இருவரும் அது காதில் விழாதது போல இருந்துவிட்டார்கள்.

ஆய்வகத்தின் பெருமை அரிசி அளவுள்ள ஒரு சென்சார். மண்டைக்குள் நீர் கோத்துக்கொள்ளும் நோயாளிகளுக்கு அதை உள்ளே வைத்துத் தைத்துவிட்டால், அழுத்தம் ஏறுகிறதா இறங்குகிறதா என்று வெளியிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம். ஆனால் உடம்பு, தன்னைக் கேட்காமல் உள்ளே வந்த எதையும் சும்மா விடாது. உப்புநீரில் ஊறவைத்தே ஒரு வழி பண்ணிவிடும். அதற்காகச் சென்சாரின் மேல் தலைமுடியைவிட மெல்லிய ஒரு பூச்சை, காற்றில்லாத பெட்டிக்குள் வைத்து ஆவியாகப் படியவிட வேண்டும். அதில் கண்ணுக்குத் தெரியாத ஓர் ஓட்டை விழுந்தாலும் போச்சு. அந்தப் பூச்சுதான் அக்காவின் வேலை. தலை முதல் கால் வரை வெள்ளை அங்கி மாட்டிக்கொண்டு, முகத்துக்குப் பவுடர்கூடப் போடாமல், தூசியில்லாத அறைக்குள் போய் ஓட்டை தேடுவாள். அவள் பூசிய சென்சார்களைத் தலைக்குள் வாங்கிக்கொண்ட செம்மறியாடுகள் கொட்டகையில் சௌக்கியமாக மேய்ந்துகொண்டிருந்தன. அவற்றின் இடம் நிரந்தரம். வருடாவருடம் யாரும் புதுப்பிக்க வேண்டியதில்லை.

இந்தப் பூச்சை இவ்வளவு சுத்தமாகப் பூசத் தெரிந்தவர்கள் உலகத்தில் விரல் விட்டு எண்ணக்கூடியவர்கள்தான் என்று பேராசிரியர் மேடைக்கு மேடை சொல்வார். உண்மைதான். அவர்களை வேலைக்கு வைத்துக்கொள்கிற இடங்கள் அதைவிடக் குறைவு என்பதை அவர் சொல்வதில்லை. மேடையில் எல்லாவற்றையும் சொல்ல முடியுமா?

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது ஒருநாள் பேராசிரியர் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"உக்காரும்மா. ஒரு புது விதி வந்திருக்கு. யாரையும் இத்தனை வருஷத்துக்கு மேல போஸ்ட்டாக்கா வச்சிருக்கக் கூடாதாம். இந்த ஒப்பந்தம் முடிஞ்சா உன்னைப் புதுப்பிக்க முடியாது."

அவள் "சரி சார்" என்றாள்.

"பயந்துட்டியா? நான் எதுக்கு இருக்கேன்? மூத்த போஸ்ட்டாக்னு ஒரு பதவியே உருவாக்கியிருக்கேன். மூணு வருஷம், முழுசா. மனுஷத் தலையில முதல் சென்சார் வைக்கும்போது நீ பக்கத்துல நிக்கணும். விளம்பரம் போட்டுத்தான் எடுக்கணும்ங்கறாங்க, அது ஒரு சம்பிரதாயம். விளம்பரத்தையும் நீயே எழுதிக் கொடுத்துடு."

இது அவளுக்குப் புதிதல்ல. தன் வேலையைப் பற்றிய வருடாந்தர மதிப்பீட்டை அவளே எழுதுவாள். தனக்கான பரிந்துரைக் கடிதங்களை, பேராசிரியரே வியந்து எழுதுகிற மாதிரி, அவளே எழுதுவாள். அவர் படித்துப் பார்த்துவிட்டு, "கொஞ்சம் அதிகமாப் புகழ்ந்திருக்கேனோ?" என்று கேட்டுக் கையெழுத்திடுவார்.

விளம்பரத்தை அளவெடுத்துத் தைத்தாள். ஆவியாகப் படியும் பூச்சில் நேரடி அனுபவம் வேண்டும். அந்தப் பூச்சு உப்புநீரில் ஒரு வருடத்துக்கு மேல் தாங்கியிருக்க வேண்டும். அது மண்டைக்குள் வைக்கிற சென்சாராக இருக்க வேண்டும். மண்டை செம்மறியாட்டினுடையதாக இருத்தல் விரும்பத்தக்கது. மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் கணவர் படித்துப் பார்த்தார்.

"இதுல உன் செருப்பு சைஸ் ஒண்ணுதான் போடல" என்றார்.

கூடத்தில் கால் நீட்டி உட்கார்ந்திருந்த மாமியார், "வேலை உனக்குத்தான்னா அப்புறம் எதுக்கு ஊருக்கெல்லாம் சொல்றாங்க?" என்றார்.

"நியாயமா நடக்குதுன்னு தெரியணும்ல அத்தை."

"அதை உன்கிட்ட மட்டும் சொன்னாப் போதாதா?"

விளம்பரம் வெளியானது. கடைசி நாள் வரை ஒரே ஒரு விண்ணப்பம் வந்தது. அக்காவினுடையது. நிர்வாக அலுவலகக் கண்காணிப்பாளர் அதை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார். அவருடைய மேஜையில் காகிதம் இருக்காது. விதி மட்டும்தான் இருக்கும்.

"மூணு பேராவது வேணும். அப்பத்தான் நேர்காணல் வைக்கலாம்."

"ஒருத்தர்தான் தகுதியா இருக்காங்கன்னா?"

"ஒருத்தரை மட்டும் கூப்பிட்டுக் கேள்வி கேட்டா அதுக்குப் பேர் நேர்காணல் இல்லம்மா, விசாரணை."

பேராசிரியரிடம் சொன்னாள். அவர் அலட்டிக்கொள்ளவில்லை. "துணைக்கு ரெண்டு பேரைப் பிடி. உனக்குத் தெரியாத ஆளா? சும்மா வந்து உக்காந்துட்டுப் போகச் சொல்லு."

தன்னோடு படித்தவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள். ஒருவன் வீடு விற்றுக்கொடுக்கும் தொழிலில் இருந்தான். ஒருத்தி கேக் செய்யக் கற்றுக்கொடுத்தாள், நல்ல கூட்டமாம். இன்னொருத்தன் முழுதாகக்கூடக் கேட்கவில்லை. "அக்கா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும், என்னை விட்டுடுங்க. நான் இப்பத்தான் ராத்திரியில தூங்கவே ஆரம்பிச்சிருக்கேன்" என்று வைத்துவிட்டான். எல்லோரும் நன்றாகத்தான் இருந்தார்கள். அவளுக்குப் பொறாமை வந்திருக்க வேண்டும். வரவில்லை. பட்டியலில் அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

யாரும் சிக்காததால் கடைசித் தேதியை நீட்டித்து விளம்பரத்தை மறுபடி வெளியிட்டார்கள். இந்த முறை அவள் எழுதாத இரண்டு வரிகள் அதில் இருந்தன. ரத்தச் சர்க்கரையை அளக்கும் சென்சார்களில் அனுபவம் உள்ளவர்களும் விண்ணப்பிக்கலாம். நரம்பைத் தூண்டும் மின்முனைகளில் அனுபவம் உள்ளவர்களும் விண்ணப்பிக்கலாம்.

"இது யார் சேர்த்தது சார்?"

"மேல சேர்த்திருப்பாங்க. வலையைக் கொஞ்சம் அகலமா விரிச்சாத்தானேம்மா ரெண்டு மீனாவது விழும்?"

விழுந்தன. சரியாக இரண்டு. கண்காணிப்பாளர் முகத்தில், விதி நிறைவேறிய ஒரு சாந்தி தெரிந்தது.

நேர்காணலன்று அக்கா சீக்கிரமே கிளம்பினாள். பாவம், எங்கெங்கிருந்தோ வெறுங்கையோடு திரும்பிப் போவதற்காக இரண்டு பேர் வருகிறார்கள். மனசு கேட்காமல் ஒரு பிளாஸ்க் நிறைய டீயும் இரண்டு பொட்டலம் பிஸ்கட்டும் எடுத்துக்கொண்டாள்.

காத்திருக்கும் இடம் என்பது தாழ்வாரத்தில் மூன்று பிளாஸ்டிக் நாற்காலி. எதிர்ச் சுவரில், நிறுவனத்தின் இயக்குநர் பல்வேறு இயந்திரங்களைத் திறந்துவைக்கும் படங்கள். எல்லாப் படத்திலும் ரிப்பன் இருந்தது, கத்தரிக்கோல் இருந்தது, இயந்திரத்தைத்தான் அவர் உடம்பு மறைத்திருந்தது. ஒரு நாற்காலியில் அடர்ந்த தாடியோடு ஓர் ஆள் உட்கார்ந்திருந்தார். இன்னொன்றில், முதுகுப்பையை மடியில் வைத்துக்கொண்டு, நேற்றுத்தான் பட்டம் வாங்கியவள் போல ஒரு சின்னப்பெண்.

"டீ எடுத்துக்கங்க" என்றாள் அக்கா.

தாடிக்காரர் பதறி எழுந்தார். "ஐயையோ, நீங்க எதுக்குங்க? நியாயமா நான்தான் உங்க ரெண்டு பேருக்கும் வாங்கித் தரணும்."

"இருக்கட்டுங்க. நீங்கதான் ரொம்ப தூரத்துலேர்ந்து வந்திருப்பீங்க."

"ராத்திரி பூரா பஸ்ல. பரவால்ல, இனிமே இங்கதானே இருக்கப் போறேன்" என்று பிஸ்கட்டை டீயில் நனைத்தார்.

எவ்வளவு நம்பிக்கை என்று அக்கா நினைத்துக்கொண்டாள். தேறாத நோயாளியின் படுக்கை ஓரத்தில் நின்று பேசுகிற குரலில், "நல்லாப் பண்ணுங்க" என்றாள்.

அவரும் அதே குரலில், "நீங்களும் மனசை விட்டுடாதீங்க. உங்க திறமைக்கு வேற எங்கயாவது நல்லதா அமையும்" என்றார்.

இருவரும் ஒருவரை ஒருவர் இரக்கத்தோடு பார்த்துக்கொண்டார்கள். சின்னவள் காதில் மாட்டியிருந்த இயர்போனைக் கழற்றினாள்.

"உங்க ரெண்டு பேர்கிட்டயும் நான் ஒரு சாரி சொல்லணும்."

"எதுக்கும்மா?"

"சொல்லக் கூடாதுதான். ஆனா டீயெல்லாம் குடுக்கறீங்க, பாக்கவே கஷ்டமா இருக்கு. இந்த வேலை ஏற்கெனவே ஒருத்தருக்குன்னு முடிவாயிடுச்சு. மத்த ரெண்டு பேர் சும்மா துணைக்கு."

அக்காவுக்குக் காது சூடானது. விஷயம் வெளியே கசிந்துவிட்டதே! தாடிக்காரர் தன் ஷூவைக் குனிந்து பார்த்தார். அவருக்கும் அதே கவலை போலிருந்தது.

"யாரும்மா உனக்குச் சொன்னது?" என்று இருவரும் ஒரே நேரத்தில் கேட்டார்கள்.

"இந்தத் திட்டத்தோட ஒருங்கிணைப்பாளர் மேடம்தான். நான் அவங்க ஸ்டூடண்ட். அந்த மின்முனை வரியையே எனக்காகத்தான் சேர்த்தாங்க."

தாடிக்காரரின் பிஸ்கட் உடைந்து டீக்குள் விழுந்தது. அவர் அதை எடுக்கவில்லை.

"அப்ப சர்க்கரை வரி?" என்றாள் அக்கா மெதுவாக.

"அது..." தாடிக்காரர் எதிர்ச் சுவரை, கத்தரிக்கோல் பிடித்திருந்தவரை, பார்த்தார். "சார்தான். நான் அவர்கிட்ட முன்னாடி வேலை பார்த்தவன். 'தம்பி, கண்ணை மூடிட்டு வா, மத்ததை நான் பாத்துக்கறேன்'னாரு. உங்களுக்கு எந்த வரிங்க?"

"மிச்சம் எல்லாமே" என்றாள் அக்கா. "விளம்பரத்தை எழுதினதே நான்தான்."

உள்ளே நாற்காலிகள் இழுபடும் சத்தம் கேட்டது. திடீரென்று சின்னவள் சிரித்துவிட்டாள்.

"அப்ப நம்மள்ல யாருங்க துணை?"

"மூணு பேருமே மாப்பிள்ளைங்க" என்றார் தாடிக்காரர். "பொண்ணுதான் ஒண்ணே ஒண்ணு."

பிறகு அவரே, குரலைத் தாழ்த்தி, முன்னால் சாய்ந்தார். "ஒண்ணு யோசிச்சீங்களா? மூணு பேர் இருந்தாத்தானே நேர்காணல்? ஒருத்தர் எழுந்து போனாக்கூட இது செல்லாது. நம்மள ஏமாத்தினவங்க உள்ள உக்காந்துட்டு ஈ ஓட்டட்டும். என்ன சொல்றீங்க?"

"சூப்பர்" என்றாள் சின்னவள்.

"போயிடலாம்" என்றாள் அக்கா.

மூவரும் மற்ற இருவரின் முழங்காலைப் பார்த்தார்கள். எந்த முழங்காலும் நிமிரவில்லை. பேராசிரியர் இத்தனை வருடம் பழகியவர், தன்னிடம் பொய் சொல்லியிருக்க மாட்டார், மற்ற இரண்டு பேருக்குச் சொன்னதுதான் பொய்யாக இருக்கும் என்று அக்காவுக்குத் தோன்றியது. பக்கத்து நாற்காலிகளிலும் அநேகமாக இதே சிந்தனைதான், ஆள் பெயர் மட்டும் வேறு. தாடிக்காரர் பிளாஸ்க்கைத் திறந்து, "இன்னும் கொஞ்சம் ஊத்திக்கட்டுமா?" என்று கேட்டார்.

முதலில் அக்காவைத்தான் கூப்பிட்டார்கள்.

உள்ளே நீள மேஜை. பின்னால், 'மனித குலத்தின் உள்ளிருந்து ஒரு புரட்சி' என்று ஆளுயர எழுத்தில் துணிப் பதாகை. அது போன வருடக் கருத்தரங்குக்குச் செய்தது. நடுவில் இயக்குநர், ஒரு பக்கம் ஒருங்கிணைப்பாளர் மேடம், இன்னொரு பக்கம் பேராசிரியர், ஓரத்தில் வெளியிலிருந்து வந்த நிபுணர் ஒருவர். நிபுணரின் துறை பாலங்கள் என்று பிறகு தெரிந்தது. பாலத்திலும் சென்சார் வைக்கிறார்களாம்.

பேராசிரியர் அவளைப் பார்த்துக் கண்ணாலேயே தைரியம் சொன்னார். மற்ற இருவரும் அவளை, ரயிலில் தங்கள் இடத்தில் உட்கார்ந்துவிட்ட ஆளைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள்.

"இன்னும் அஞ்சு வருஷம் கழிச்சு உங்களை எங்க பாக்கறீங்க?" என்றார் இயக்குநர்.

"இங்கதான் சார். அதே ஜன்னல்கிட்ட."

இயக்குநர் எதையோ குறித்துக்கொண்டார். லட்சியம் போதாது என்று இருக்கும்.

"சர்க்கரை சென்சார் பத்தி என்ன தெரியும்?"

"அது என் துறை இல்ல சார்."

"மின்முனை?" என்றார் மேடம்.

"அதுக்கும் பூச்சு போட்டுக் கொடுத்திருக்கேன் மேடம். உங்க ஆய்வகத்துக்குத்தான்."

மேடம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பேராசிரியர் இதற்காகவே காத்திருந்தவர் போல, அவளே எழுதிக்கொடுத்திருந்த கேள்வியைக் கேட்டார். அவளும் எழுதியிருந்த பதிலைச் சொன்னாள். இரண்டு பேருக்கும் நன்றாகப் பாடமாகியிருந்தது. கடைசியில் பாலத்து நிபுணர் நிமிர்ந்தார்.

"அந்த ஆட்டுக்கு வலிக்காதா?"

"மயக்க மருந்து கொடுத்துத்தான் வைப்போம் சார்."

"முழிச்சதுக்கப்புறம்?"

"கொஞ்ச நாள் தலையை ஆட்டிக்கிட்டே இருக்கும். அப்புறம் உள்ள ஒண்ணு இருக்கறதே அதுக்குத் தெரியாது. மேய ஆரம்பிச்சுடும்."

"ஓ" என்றார் நிபுணர். அன்று முழுவதும் அந்த அறையில் உண்மையாகவே தெரிந்துகொள்வதற்காகக் கேட்கப்பட்ட கேள்விகள் அவை இரண்டும்தான்.

மற்ற இருவரும் உள்ளே போய் வந்தார்கள். பிறகு கதவு சாத்தியே கிடந்தது. உள்ளிருந்து மூன்று குரல்கள் மாறி மாறி 'தரம்' என்ற சொல்லை உச்சரிப்பது கேட்டது. தாழ்வாரத்தில் டீ தீர்ந்துபோனது. சாயங்காலம் பேராசிரியர் வெளியே வந்து அக்காவை மட்டும் தன் அறைக்கு அழைத்துப்போனார். முகத்தில் போர் முடித்து வந்த களை.

"உன்னை நான் விட்டுக் கொடுக்கலம்மா."

"கிடைச்சிடுச்சா சார்?"

"கேளு. இயக்குநர் அவர் ஆளைத்தான் போடணும்னு ஒத்தக் கால்ல நின்னாரு. அந்தம்மா அவங்க ஸ்டூடண்டுக்காக அழாத குறை. நான் அசையல. அவங்க ஆளுங்க ரெண்டு பேரையுமே உள்ள நுழைய விடல."

"அப்ப..."

"தகுதியானவர் யாரும் இல்லைன்னு எழுதிட்டோம். ஒருமனதா" என்று சொல்லிவிட்டு, வெற்றியின் முழு அளவு அவளுக்குப் புரியட்டும் என்று கொஞ்சம் அவகாசம் கொடுத்தார். "பதவி அப்படியே பத்திரமா இருக்கு. அடுத்த வருஷம் நிதி வந்ததும் மறுபடி விளம்பரம். அதுக்கு இப்பவே ஒரு வரைவு எழுதி வச்சுட்டுப் போயிடும்மா."

அக்கா தனக்குள் ஏதாவது நடக்கிறதா என்று கவனித்துப் பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை. பக்கத்து அறையில் குளிர்பதனப் பெட்டி உறுமுவது மட்டும் கேட்டது.

"அது வரைக்கும் பூச்சு யார் சார் பூசுவாங்க?"

"யாராவது கத்துப்பாங்க. நீ பூசறதை ஒரு வீடியோ எடுத்து வச்சிடு. முகம் வேணாம், கை தெரிஞ்சாப் போதும்."

வீடியோவும் எடுத்துக் கொடுத்தாள். வரைவும் எழுதிக் கொடுத்தாள். மாதக் கடைசியில் வெள்ளை அங்கியையும் தூசியில்லாத அறைக்கான அட்டையையும் ஒப்படைத்துவிட்டு, ஒரு அட்டைப்பெட்டியோடு வீட்டுக்கு வந்தாள்.

"அப்ப இனிமே நீ டாக்டர் இல்லையா?" என்றார் மாமியார். பக்கத்து வீட்டுக்காரிக்கு என்ன சொல்வது என்பது அவர் கவலை.

"டாக்டர்தான் அத்தை. வேலைதான் இல்ல."

"அப்படின்னா சரி. வேலை இருந்தப்பவும் நீ யாருக்கும் ஊசி போட்டதில்ல."

அவள் வீட்டில் இருந்த நாட்களில், கணவர் சாப்பாட்டு மேஜையில் அவளை நேராகப் பார்க்காமல் பரிமாறிக்கொண்டார். திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். அவள் அழுதால் அவருக்கு வசதியாக இருக்கும் என்று தெரிந்துதான் இருந்தது. முயன்றும் பார்த்தாள். கண்ணில் தூசி விழுந்த அளவுக்குக்கூடத் தண்ணீர் வரவில்லை.

அப்போதுதான் தாடிக்காரர் போன் செய்தார்.

"அக்கா, எப்படி இருக்கீங்க?" அவருக்கும் அவள் அக்காவாகியிருந்தாள். "வேற ஒரு இடத்துல விளம்பரம் வந்திருக்கு. எனக்காகவே எழுதினது. துணைக்கு ரெண்டு பேர் வேணும்."

"நிஜமாவே உங்களுக்குத்தானா?"

"சத்தியமா. அங்க ஒரே ஒரு புரொபசர்தான். இயக்குநரும் அவரே, ஒருங்கிணைப்பாளரும் அவரே. சண்டை போட ஆளே இல்ல. சின்னவளைக் கேட்டேன், வர்றேன்னுட்டா. அடுத்து அவளுக்கு ஒண்ணு வருதாம், அதுக்கு நாம ரெண்டு பேரும் போகணும். அப்புறம் உங்களுக்கு."

அக்கா யோசித்தாள். யோசிக்க அதிகம் இல்லை.

"என்ன சென்சார்?"

"சர்க்கரைதான். ஆனா பூச்சு பத்தி நிறையக் கேப்பாங்க."

"தெரிஞ்ச மாதிரிப் பேசணுமா, தெரியாத மாதிரிப் பேசணுமா?"

எதிர்முனையில் சங்கடமான ஓர் இருமல். "பாதி தெரிஞ்ச மாதிரிக்கா. ஒண்ணும் தெரியலைன்னா ஏன் கூப்பிட்டோம்னு கேப்பாங்க. முழுசும் தெரிஞ்சா எனக்குச் சிக்கல். என்னைவிடக் கொஞ்சம் கம்மியா."

"சரி" என்றாள்.

அன்று சாயங்காலம் கணவரைக் கூப்பிட்டு எதிரே உட்காரவைத்தாள். கேள்விகளைத் தாளில் எழுதிக் கொடுத்திருந்தாள். அவர் கடையில் கண் பரிசோதிக்கிறபோது போட்டுக்கொள்ளும் முகத்தைப் போட்டுக்கொண்டு, முதல் கேள்வியைப் படித்தார்.

"பூச்சு எவ்வளவு தடிமன் இருக்கணும்?"

சொன்னாள்.

அவர் தாளின் அடியில் இருந்த விடையைச் சரிபார்த்தார். "தப்பு. சரியாச் சொல்லிட்ட."

"இன்னொரு தடவை கேளுங்க."

கேட்டார். அவள் வாயைத் திறந்தாள். எண்ணைப் பாதியாகக் குறைத்துச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். அந்தத் தடிமனில் உப்புநீர் எத்தனை நாளில் உள்ளே இறங்கும், ஓட்டை முதலில் எந்த ஓரத்தில் விழும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. மறுபடியும் சரியான எண்தான் வந்தது.

"நீ பெயிலாகவே மாட்டியா?" என்றார் கணவர். சிரிக்கிற மாதிரிதான் சொன்னார்.

அவள் இடுப்பை நிமிர்த்தி உட்கார்ந்தாள். கைகளை மடியில் வைத்துக்கொண்டாள்.

"கேளுங்க" என்றாள். "இந்தத் தடவை வந்துடும்."